மலைப்பாதை வேலை: கலிபோர்னியா கோர், அமெரிகோர், அரசு சீசன் வேலை – எதில் சேரலாம்?

டிசம்பர் பிறந்தால் இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். பே ஏரியாவிலோ சியாட்டிலிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். கம்யூனிட்டி காலேஜ் முடித்தவர்கள், நாலு வருடப் படிப்பில் பாதியில் மூச்சு முட்டி நிற்பவர்கள், டிகிரி வாங்கியும் லேப்டாப் முன்னால் உட்கார மனசு வராதவர்கள். "அண்ணா, ஆறு மாசம் மலையில பாதை போடுற வேலைக்குப் போகலாம்னு இருக்கேன், எதுல சேரட்டும்?" என்று ஒரு மெசேஜ். பின்னாலேயே அவன் அப்பாவிடமிருந்து இன்னொன்று: "கடப்பாரை பிடிக்கவா இவனை இவ்வளவு படிக்க வைத்தோம்?" இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே.

கடப்பாரை விஷயம் உண்மைதான், அதை மறைத்துப் பயனில்லை. இருபதுகளில் நானும் இந்த வேலையில் சில சீசன் இருந்தவன். காலையில் எழுந்து, கூடாரத்திலிருந்து வேலை இடம் வரை கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஏறி, பாதையில் விழுந்து கிடக்கும் மரங்களை அறுத்து நகர்த்துவது, மழைத் தண்ணீர் பாதையை அரித்துவிடாமல் குறுக்கே கல்லோ கட்டையோ பதித்து ஓரமாகத் திருப்பிவிடுவது, செங்குத்தான இடத்தில் கல் படி வைப்பது, புதர் வெட்டுவது. மோட்டார் வண்டி போகாத மலைக்காட்டுக்குள் ஒரே கோஷ்டியாக வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் தங்கிச் செய்கிற வேலை.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பரம்பரை இருக்கிறது. 1933-இல் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் அதிபர் ரூஸ்வெல்ட் ஆரம்பித்த சிவிலியன் கன்சர்வேஷன் கோர் ('கோர்' என்றால் படை, இங்கே துப்பாக்கி இல்லாத வேலைப்படை), 1942 வரை ஏறக்குறைய 30 லட்சம் இளைஞர்களைக் காட்டு வேலைக்கு எடுத்தது. மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும், கையில் 5 டாலர். (வீட்டுக்குப் பணம் அனுப்புவது கட்டாயம் என்ற இந்த ஏற்பாட்டைச் சொன்னதும் அந்த அப்பாவுக்குக் கோபம் கொஞ்சம் குறைந்தது.) இன்றைய கோர் எல்லாம் அதன் வாரிசுகள். ஆனால் ஒரே குடும்பம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, பணம் வரும் வழி வேறு. குழப்பமே அங்கேதான்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் முதலில் கேட்பது சம்பளம். அதை நான் கடைசியில்தான் வைப்பேன், ஏனென்றால் எங்கே போனாலும் அது குறைவுதான், முக்கிய வித்தியாசம் அதில் இல்லை. வேலையும் எங்கே போனாலும் கிட்டத்தட்ட அதே கல், அதே ரம்பம், அதே கொசு. வித்தியாசம் இருப்பது வேலை செய்யாத நாட்களிலும் சீசன் முடிந்த பிறகான மாதங்களிலும். அதனால் நான் பார்ப்பது இவை:

காகிதம். சிட்டிசனா, கிரீன் கார்டா, விசாவா? பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

ஆஃப் நாட்கள். பெரும்பாலான கோஷ்டிகள் ஹிட்ச் முறையில் வேலை செய்கின்றன: எட்டு, பத்து நாள் காட்டில், பிறகு நாலைந்து நாள் விடுமுறை. அந்த நாலைந்து நாள் எங்கே படுப்பீர்கள்? யார் சாப்பாடு? இதற்குப் பதில் தெரியாமல் சேர்ந்தவர்கள்தான் நடுவில் விட்டுவிட்டு வருகிறார்கள், கல் தூக்க முடியாமல் வருகிறவர்கள் குறைவு.

நடுவில் நின்றால் என்ன போகும். முட்டி போகலாம், பாட்டி இறக்கலாம், மனசு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

சீசனுக்கு அப்புறம். கல்விக் கட்டணத்துக்கு ஏதாவது கிடைக்குமா, அரசு வேலைக்கு வழி திறக்குமா, சும்மா அனுபவம் மட்டுமா?

சம்பளம். பிடித்தம் போகக் கையில் நிற்பது.

## ஒன்று: கலிபோர்னியா கன்சர்வேஷன் கோர்

1976-இல் ஜெர்ரி பிரவுன் கவர்னராக இருந்தபோது ஆரம்பித்த மாநில அரசுத் துறை. 18 முதல் 25 வயது, கலிபோர்னியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும், முன்னாள் ராணுவத்தினர் என்றால் 29 வரை. இவர்களுடைய வாசகமே "கடின உழைப்பு, குறைந்த கூலி, மோசமான சூழ்நிலை, இன்னும் நிறைய" என்பதுதான். ஆளெடுப்பு விளம்பரத்தில் இவ்வளவு நேர்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காகிதம்: மாநிலக் குடியிருப்பும் சட்டப்படி வேலை செய்யும் உரிமையும் வேண்டும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை உரிமை கிடையாது (எச்-4 வேலை அனுமதி அட்டை என்பது கணவன் அல்லது மனைவிக்கு மட்டும்), அதனால் இந்தக் கதவு அவர்களுக்கு மூடியிருக்கிறது.

சம்பளம் மாநிலக் குறைந்தபட்சக் கூலி, 2025-இல் மணிக்கு 16.50 டாலர். மருத்துவக் காப்பீடு உண்டு. மற்ற கோர்களோடு ஒப்பிட்டால் இது நல்ல பணம், ஏனென்றால் இங்கே நீங்கள் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர், 'சேவை செய்பவர்' இல்லை. இந்த வித்தியாசம் அடுத்த பகுதியில் வரும். தங்கும் மையத்தில் சேர்ந்தால் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள். ஆனாலும் பே ஏரியா வாடகையைப் பார்த்தவர்களுக்கு அது வாடகையாகவே தெரியாது. முக்கியமாக, ஆஃப் நாளில் படுக்கக் கட்டில் இருக்கிறது, குளிக்க வெந்நீர் இருக்கிறது. என் கணக்கில் இதற்கே பாதி மார்க் கொடுத்துவிடுவேன்.

பள்ளி முடிக்காதவர்களுக்கு ஜான் மியூர் சார்ட்டர் பள்ளி வழியாக டிப்ளமா முடிக்கும் ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது. நம் வீடுகளில் இது வெளியே பேசப்படாத விஷயம், ஆனால் தேவைப்படும் பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள்.

இப்போது மறைந்திருக்கும் விஷயம். 'மலைப்பாதை' என்று கனவு கண்டு ஏதோ ஒரு மையத்தில் சேர்ந்தால், அங்கே பாதை வேலைதான் தருவார்கள் என்று உத்தரவாதம் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் காய்ந்த புதரை வெட்டி மரத்தூள் இயந்திரத்தில் தள்ளிக்கொண்டே மாதங்கள் போகலாம். காட்டுத்தீயோ வெள்ளமோ வந்தால் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள், மணல் மூட்டை அடுக்க, தீயணைப்பு முகாமில் எடுபிடி வேலை பார்க்க. சிலருக்கு இதுவே பிடித்துப்போய்த் தீயணைப்புப் பக்கம் போய்விடுகிறார்கள். பாதைதான் வேண்டும் என்றால் நீங்கள் கேட்க வேண்டியது பேக்கன்ட்ரி டிரெயில்ஸ் என்ற தனிப் பிரிவு.

1979-இலிருந்து நடக்கும் இந்தப் பிரிவு வேறு உலகம். வசந்தத்தில் உள்ளே போனால் இலையுதிர் காலத் தொடக்கத்தில்தான் வெளியே, சுமார் ஐந்து மாதம். யோசமிட்டி, செக்கோயா–கிங்ஸ் கேன்யன், கிளமாத் போன்ற இடங்களில் பதினைந்து பேர் சுற்றுவட்டத்தில் ஒரு கோஷ்டி, ஒரு மேற்பார்வையாளர், ஒரு சமையல்காரர். அரிசி பருப்பு முதல் கடிதம் வரை கோவேறு கழுதை முதுகில் ஏறி வரும். போன் வேலை செய்யாது. ஹிட்ச், ஆஃப் என்ற கணக்கே இங்கே பெரிதாக இல்லை, வார இறுதியிலும் மலையிலேயேதான் இருப்பீர்கள், பக்கத்துச் சிகரத்துக்கு நடந்து போய் வருவதுதான் விடுமுறை. ஆக, ஆஃப் நாளில் எங்கே படுப்பது என்ற கேள்வி இங்கே தானாகத் தீர்ந்துவிடுகிறது. செலவு செய்ய இடமே இல்லாததால் பணமும் சேரும்.

அதற்கு விலை வேறு விதம். அக்காவுக்கு ஜூலையில் கல்யாணம் என்றால் இதில் சேராதீர்கள். கோஷ்டியில் ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அவரோடு ஐந்து மாதம் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ளக் கதவு கிடையாது. காதலில் புதிதாக விழுந்திருப்பவர்களும் யோசித்துக்கொள்ளவும்.

இங்கே ஒரு கல் படியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், இந்த வேலை யாருக்குப் பிடிக்கும் என்பது அதில் தெரிந்துவிடும். முதலில் கல்லைத் தேடுவதற்கே அரை நாள் போகும். மேல்பக்கம் தட்டையாக, முன்முகம் நேராக, நாலு பேர் கடப்பாரை வைத்து நெம்பி நகர்த்தும் கனத்தில் ஒன்று வேண்டும். அதை வலையில் போட்டுத் தூக்கியோ உருட்டியோ கொண்டுவந்து, குழி தோண்டி இறக்கினால் ஒரு மூலை ஆடும். வெளியே எடுத்து, மண்ணைச் சுரண்டி, மறுபடி இறக்கினால் எதிர் மூலை ஆடும். கல்லில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போக வேண்டும், மேலே ஏறிக் குதித்தாலும் அசையக் கூடாது. பின்பக்கத்துச் சந்தில் மண்ணைப் போட்டு மூடினால் முதல் மழையில் ஓடிவிடும் என்பதால் சின்னக் கல்லைச் சுத்தியலால் உடைத்து உடைத்து, அந்த நொறுங்கலை வாளி வாளியாகக் கொட்டித் திணிக்க வேண்டும். பழகாத கோஷ்டிக்கு ஒரு முழு நாளில் ஒரு படி வந்தாலே பெரிது. மேற்பார்வையாளர் வந்து பூட்ஸ் காலால் ஒரு உதை உதைத்து "எடு, மறுபடி வை" என்பார். இதைப் படிக்கும்போது உங்களுக்கு எரிச்சல் வந்தால் விட்டுவிடலாம், ஆசை வந்தால் மேலே படியுங்கள்.

## இரண்டு: அமெரிகோர் ஆதரவில் நடக்கும் தொண்டு நிறுவனக் கோர்கள்

மொன்டானா கன்சர்வேஷன் கோர் (1991), ஓரிகனின் யூஜீன் நகரிலிருக்கும் நார்த்வெஸ்ட் யூத் கோர் (1984), நாடு முழுக்க இடம் வைத்திருக்கும் ஸ்டூடன்ட் கன்சர்வேஷன் அசோசியேஷன் மாதிரியானவை. கடைசியாகச் சொன்னது, லிஸ் புட்னம் என்ற பெண் 1955-இல் வாஸர் கல்லூரியில் எழுதிய பட்ட ஆய்வேட்டில் பிறந்த யோசனை. 1957-இல் ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காக்களில் முதல் மாணவர் கோஷ்டிகள் இறங்கின. ஆய்வேடு எழுதியதோடு நிற்காமல் செய்தும் காட்டிய பெண்மணி.

அமெரிகோர் என்பது மத்திய அரசின் தேசிய சேவைத் திட்டம். இவற்றில் பெரும்பாலான இடங்களில் நீங்கள் அமெரிகோர் உறுப்பினர். அதாவது சட்டப்படி ஊழியர் இல்லை. கையில் கிடைப்பது சம்பளம் இல்லை, 'வாழ்க்கைப்படி'. குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் எதுவும் இதற்குப் பொருந்தாது. பத்து நாள் ஹிட்சில் தினமும் பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, கிடைத்த தொகையை மணிக்கு வகுத்துப் பார்ப்பவன் அன்றிரவு தூங்க மாட்டான். வகுக்காதீர்கள். கையில் வாங்குவது குறைவு, ஈடு பின்னால் வருகிறது, அப்படித்தான் இதைப் பார்க்க வேண்டும்.

பின்னால் வருவது இரண்டு. ஒன்று, கல்வித்தொகை. 1,700 மணி நேரம் முடித்தால் 7,395 டாலர் (2024–25 கணக்கு), 900 மணிக்கு 3,697.50, 450 மணிக்கு சுமார் 1,956. ஏழு வருடத்துக்குள் கல்லூரிக் கட்டணத்துக்கோ படிப்புக் கடனுக்கோ பயன்படுத்தலாம். பணமாகக் கைக்கு வராது. பயன்படுத்தும் வருடத்தில் இது வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரியும் உண்டு, இதை நேர்காணலில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. படிப்புக் கடன் இருந்தால் சேவைக் காலத்தில் தவணையை நிறுத்தி வைக்கலாம், முடித்தால் அந்தக் காலத்து வட்டியையும் கட்டிவிடுவார்கள். அதற்கும் வரி.

இரண்டாவது, பொது நிலக் கோர் சட்டத்தின் கீழ் வரும் வேலைகளில் 640 மணி நேரம் முடித்தவர்களுக்கு, இரண்டு வருடத்துக்கு மத்திய அரசு நிலத் துறை வேலைகளில் போட்டியில்லாமல் சேரும் தகுதி. வனத்துறையிலோ பூங்காத் துறையிலோ நிரந்தரமாகப் போக நினைப்பவர்களுக்கு 7,395 டாலரை விட இதுதான் பெரிது. ஆனால் நீங்கள் செய்யும் வேலை அந்தச் சட்டத்தின் கீழ் கணக்கில் வருகிறதா என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 620 மணியில் சீசன் முடிந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது.

நடுவில் நின்றால்? இங்கேதான் கத்தி இருக்கிறது. உடல்நலம், குடும்பத்தில் சாவு மாதிரி தவிர்க்க முடியாத காரணம் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால், முடித்த மணிக்குத் தகுந்த பங்கு கிடைக்கும். "வேற வேலை கிடைச்சுது", "காலேஜ் ஆரம்பிக்குது", "பிடிக்கல" என்பதெல்லாம் காரணம் ஆகாது, ஒரு பைசா வராது. ஆகஸ்ட் கடைசியில் செமஸ்டர் ஆரம்பிக்கிறவர்கள் அக்டோபர் வரை ஓடும் இடத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் காலண்டரைப் பார்க்கவும்.

ஆஃப் நாட்களுக்கு வருவோம். ஹிட்ச் முடிந்து லாரி, கோரின் யார்டுக்கு (கருவிகளும் வண்டிகளும் வைக்கும் இடம்) வரும். கோடாரிகளுக்குச் சாணை பிடித்து, பாத்திரம் தேய்த்து, மிச்ச சாப்பாட்டைப் பங்கு போட்டு, லாரியைக் கழுவிக் கொடுத்தால் மாலை நாலு மணிக்கு விடுவார்கள். அதற்கப்புறம் நீங்கள் அநாதை. சில கோர்களில் வீடு உண்டு, சிலவற்றில் யார்டிலேயே கூடாரம் போட அனுமதி, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. நான் இருந்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், 'தங்க ஏற்பாடு உண்டு' என்று கடிதத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால் ஒரு புல்தரையும் ஒரு தண்ணீர்க் குழாயும். கார் இருப்பவர்கள் தேசிய வனத்துக்குள் போய் இலவசமாகக் கூடாரம் போட்டுக்கொண்டார்கள், கார் இல்லாதவர்கள் கார் இருப்பவர்களை அனுசரித்துப் போனார்கள். பகலெல்லாம் பொது நூலகத்தில் உட்கார்ந்து போனை சார்ஜ் செய்வது, லாண்ட்ரி, காசு கொடுத்துக் குளிக்கும் இடம், பத்து நாளாகக் கனவு கண்ட பீட்சா. வாழ்க்கைப்படியில் பெரிய பங்கு இந்த நாலு நாளில்தான் கரையும். ஹிட்சில் சாப்பாடு அவர்கள் பொறுப்பு, ஆஃபில் உங்கள் பொறுப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. முழுநேர உறுப்பினருக்கு அமெரிகோர் வழியாக மருத்துவக் காப்பீடு உண்டு, குறுகிய சீசனுக்கு இல்லாமல் போகலாம். "26 வயசு வரை எங்க காப்பீட்டில்தானே இருக்கான்" என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள். அந்தக் காப்பீடு கைசராக (தன் சொந்த ஆஸ்பத்திரிகளிலேயே வைத்தியம் பார்க்கும் காப்பீட்டு நிறுவனம்) இருந்தால் மொன்டானாவில் கைசர் ஆஸ்பத்திரி கிடையாது, அவசர சிகிச்சை மட்டும்தான் அங்கே எடுபடும். முட்டிக்கு பிசியோதெரபி வேண்டும் என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இதோடு 2025-இல் ஒரு பாடம் கிடைத்தது. அந்த ஏப்ரலில் மத்திய அரசு அமெரிகோரின் ஏறக்குறைய 40 கோடி டாலர் மானியங்களை ஒரே வீச்சில் ரத்து செய்தது, அமெரிகோரே நேரடியாக நடத்தும் தேசியப் பிரிவில் இருந்த பிள்ளைகள் பாதிச் சேவையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வழக்குத் தொடுத்த மாநிலங்களுக்கு ஜூனில் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஆகவே எந்தக் கோரில் சேர்ந்தாலும் கேளுங்கள்: "உங்கள் பணத்தில் எவ்வளவு அமெரிகோரிலிருந்து வருகிறது? அது நின்றால் எங்கள் சீசன் என்ன ஆகும்?" நேராகப் பதில் சொல்பவர்களிடம் சேரலாம்.

காகிதம்: சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை. பெண்களுக்கு: பெண்கள் மட்டும் இருக்கும் கோஷ்டிகள் சில கோர்களில் உண்டு, கேட்டுப் பாருங்கள். முதல் சீசனுக்கு அது நல்ல ஆரம்பம் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள், ரம்பத்தைக் கையிலிருந்து பிடுங்கி "நான் செய்றேன்" என்று சொல்ல ஆள் இருக்காது.

## மூன்று: மத்திய அரசின் சீசன் வேலை

வனத்துறை அல்லது தேசியப் பூங்காத் துறையில் நேரடியாகப் பாதைக் கோஷ்டியில் சேர்வது. உண்மையான சம்பளம், வனத்துறையில் பெரும்பாலும் ஜி.எஸ். 3, 4, 5 என்ற அரசுச் சம்பளப் படிநிலைகளில். தங்க அரசு விடுதி பெரும்பாலும் கிடைக்கும், வாடகை பிடித்துக்கொள்வார்கள். கூட வேலை செய்பவர்கள் பத்து, இருபது வருடம் இதே மலையில் இருந்தவர்கள். தொழில் கற்க இதை விட நல்ல இடம் இல்லை.

1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தின் கீழ் வரும் பகுதிகளில் மோட்டார் கருவிகளுக்குத் தடை, அதனால் விழுந்த மரத்தை இருவர் பிடிக்கும் நீள ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். இழுக்க மட்டும் செய்ய வேண்டும், தள்ளினால் ரம்பம் வளையும். எதிரில் இருப்பவர் இழுக்கும்போது உங்கள் கை சும்மா கூடப் போக வேண்டும். வெட்டு வாயடைத்துப் பிடிக்க ஆரம்பிக்கும் நொடியில் ஆப்பு அடிக்கத் தெரிய வேண்டும். இதெல்லாம் பழைய ஆட்களிடமிருந்துதான் வரும், கையேட்டில் வராது.

ஆனால் இன்றைய நிலையில் முதல் முறை போகிறவர்களுக்கு இதை நம்பி உட்காரச் சொல்ல மாட்டேன். தீயணைப்பு தவிர்த்து 2025-க்கு சீசன் ஆட்களை எடுக்கப்போவதில்லை என்று வனத்துறை 2024 செப்டம்பரிலேயே அறிவித்தது. 2025 பிப்ரவரியில் தகுதிகாண் காலத்தில் இருந்த ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். நிலைமை மாறலாம், மாறினாலும் நிரந்தரம் என்பது தொலைவில்தான். தற்காலிக நியமனம் 1,039 மணி நேரத்துக்குள் முடியும்படி கட்டப்பட்டது, ஆறு மாதம் ஆனதும் வெளியே, அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம். இப்படியே பல வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு.

காகிதம்: இதற்குப் பொதுவாக சிட்டிசன்ஷிப் வேண்டும், கிரீன் கார்டு போதாது. பையன்கள் செலக்டிவ் சர்வீஸில் (கட்டாய ராணுவ ஆளெடுப்பு வந்தால் பயன்படுத்தும் பெயர்ப் பதிவு) பெயர் பதிந்திருக்க வேண்டும், நம் வீடுகளில் இதை மறந்துவிடுவது சகஜம்.

## நாலு: சும்மா போய்ப் பார்ப்பது

வாஷிங்டன் டிரெயில்ஸ் அசோசியேஷன், பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் அசோசியேஷன் போன்றவை ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரை தன்னார்வ வேலை நடத்துகின்றன. கருவி, தலைக்கவசம் அவர்கள் தருவார்கள். வாஷிங்டனில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கே தனியாக ஒரு வார முகாம் உண்டு. எச்-4 பிள்ளைகளுக்கும் மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும் இதுதான் திறந்திருக்கும் கதவு. சம்பளமில்லாத தொண்டு வேலைக்குப் பொதுவாகத் தடை இல்லை, சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

15 முதல் 18 வயது, கூலியும் வேண்டும் என்றால் யூத் கன்சர்வேஷன் கோர். 1970 சட்டத்தில் வந்தது, கோடை விடுமுறைக்கு மட்டும், யெல்லோஸ்டோன் மாதிரி இடங்களில் தங்கி வேலை செய்யலாம்.

## ஒரே பார்வையில்

| | கலிபோர்னியா கோர் | அமெரிகோர் வகைக் கோர் | மத்திய அரசு சீசன் | தன்னார்வம் |
|---|---|---|---|---|
| காகிதம் | மாநிலக் குடியிருப்பு, வேலை உரிமை | சிட்டிசன், கிரீன் கார்டு | சிட்டிசன் | பெரும்பாலும் யாரும் |
| கையில் பணம் | குறைந்தபட்சக் கூலி, தங்கும் மையத்தில் பிடித்தம் | வாழ்க்கைப்படி, மிகக் குறைவு | இருப்பதில் நல்லது | இல்லை, சில முகாமுக்குக் கட்டணம் |
| ஆஃப் நாள் படுக்கை | மையத்தில் உண்டு. பேக்கன்ட்ரியில் மலையிலேயே | இடத்துக்கு இடம் மாறும், கேட்டே ஆக வேண்டும் | விடுதி, வாடகையோடு | உங்கள் வீடு |
| நடுவில் நின்றால் | வேலை போகும், உழைத்த கூலி கையில் | கல்வித்தொகை முழுதும் போகலாம் | அடுத்த வருடம் திரும்ப எடுப்பது சந்தேகம் | ஒன்றும் இல்லை |
| அப்புறம் | மாநில வேலை, தீயணைப்பு | கல்வித்தொகை, 640 மணிக்கு அரசு வேலைத் தகுதி | அடுத்த சீசன் | கை பழகியிருக்கும் |

## அப்படியானால் யாருக்கு எது

கையில் பணமில்லை, கார் இல்லை, கலிபோர்னியாவில் இருக்கிறீர்கள்: முதலாவதுதான், யோசிக்கவே வேண்டாம். அதிலும் ஐந்து மாதம் எல்லாவற்றையும் விட்டு விலக முடியும் என்றால் பேக்கன்ட்ரி பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். படிப்புக் கடன் இருக்கிறது, பழைய காராவது இருக்கிறது, வனத்துறை பக்கம் போகும் எண்ணம் இருக்கிறது என்றால் இரண்டாவது, 640 மணி கணக்கை எழுத்தில் வாங்கிக்கொண்டு. ஒரு சீசன் முடித்து ரம்பச் சான்றிதழும் முதலுதவிப் பயிற்சியும் கையில் இருந்தால் மூன்றாவதுக்கு முயற்சிக்கலாம், அதையே நம்பி இரண்டாவதை விடாமல். பையன் வாய்கிழியப் பேசுகிறான், கூடாரத்தில் ஒரு ராத்திரி கூடப் படுத்ததில்லை என்றால் முதலில் நாலாவது. ஒரு வாரம் போய்விட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.

சாப்பாடு பற்றிக் கேட்காத அம்மா இல்லை. சைவம் பெரிய பிரச்சினையே இல்லை, இந்தக் கோஷ்டிகளில் சைவர்கள் நிறைய, காட்டில் இறைச்சி கெடும் என்பதால் மற்றவர்களும் பாதி நாள் பீன்ஸும் சாதமும்தான். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொடுத்து அனுப்புங்கள், ஆனால் கரடி இருக்கும் பகுதியில் வாசனை வரும் எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, பற்பசை கூட. ஊறுகாய், கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பாவுக்குள் போக வேண்டும், ராத்திரி ரகசியமாகத் தொட்டுக்கொள்ள முடியாது.

நேர்காணலில் அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு நீங்கள் கேட்க வேண்டியவை: ஆஃப் நாளில் எங்கே படுப்போம், கட்டிலா தரையா? போன சீசனில் எத்தனை பேர் முடிக்காமல் போனார்கள், ஏன்? கோஷ்டித் தலைவர் எத்தனை சீசன் பார்த்தவர்? காயம் பட்டால் யார் காப்பீடு, எந்த ஆஸ்பத்திரி, அங்கே போக எவ்வளவு நேரம்? இதில் கோஷ்டித் தலைவர் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். போன வருடம்தான் முதல் சீசன் முடித்த 21 வயதுப் பிள்ளையிடம் எட்டுப் பேரையும் ஒரு லாரியையும் கொடுத்து அனுப்பும் இடங்கள் இருக்கின்றன, சிலர் அற்புதமாக நடத்துவார்கள், சிலரிடம் போனால் சீசன் நரகம்.

கோடைக்கான இடங்கள் குளிர்காலத்திலேயே நிரம்ப ஆரம்பிக்கும், மார்ச்சில் தேடினால் மிச்சம் மீதிதான். இடம் உறுதியான அன்றே தோல் பூட்ஸ் வாங்கிவிடுங்கள், கணுக்காலுக்கு மேலே வரும், அடிப்பாகம் மாற்றித் தைக்கக்கூடிய ரகம், 300 டாலருக்கு மேல் ஆகும். கோர் தரும் என்று காத்திருக்க வேண்டாம், தந்தாலும் அளவு சரியாக இருக்காது. வாங்கியதைப் பெட்டியிலேயே வைத்திருந்து முதல் ஹிட்சில் போட்டால் இரண்டாம் நாளே குதிகால் தோல் உரிந்துவிடும், இப்போதே போட்டுக்கொண்டு கடைக்கும் லைப்ரரிக்கும் நடந்து பழக்குங்கள்.